எச்சரிக்கையில் விடுபட்ட ‘ப்’

ஓய்வுபெற்றவர்கள் தங்கள் தொழில் அனுபவத்தை எழுதும் இந்தப் பகுதியில் இடம் கேட்பதற்கு வேண்டிய தகுதிகளில் இரண்டு என்னிடம் இல்லை. ஒன்று நரைத்த தலை, மற்றது ஓய்வூதியம். எனக்கு இருபத்தொன்பது வயது. ஆனால் நான் செய்த தொழில் எனக்கு முன்பே ஓய்வுபெற்றுவிட்டதால், பத்திரிகை ஆசிரியர் விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்.

என்னை எழுதத் தூண்டியது சென்ற மாதம் நடந்த ஒரு கூட்டம். இப்போது நான் கனடாவின் மார்க்கம் நகரில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். எங்கள் ஆவணம் ஒன்று வெளியே கசிந்துவிட்டது. யார் கசியவிட்டார்கள் என்று கண்டுபிடிக்கப் புதிதாகச் சேர்ந்த ஒருவர் வழி சொன்னார். “ஒவ்வொருவருக்கும் கொடுக்கும் பிரதியில் ஒவ்வொரு எழுத்துப் பிழையை ஒளித்து வைப்போம். வெளியே வந்த பிரதியில் எந்தப் பிழை இருக்கிறதோ, அவர்தான் ஆள்.”

எல்லாரும் மேசையில் தட்டிப் பாராட்டினார்கள். நான் மட்டும், “நான் இதைச் செய்து பார்த்திருக்கிறேன்” என்றேன்.

“பிறகு?”

“கம்பனி மூடிவிட்டது.”

நடந்தது இதுதான்.

பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல்லூரியில் இரண்டு வருடம் மின்னணுத் தொழில்நுட்பம் படித்தேன். வகுப்பில் முப்பத்தொரு பேர், அதில் பெண்கள் இருவர். மற்றவர் இரண்டாம் மாதமே தாதிப் படிப்புக்கு மாறிவிட்டார். ஈயம் பற்றவைக்கும்போது மூன்று விரல்களைச் சுட்டுக்கொண்டேன். அதன் பிறகு வேலை தேடினேன்.

ஸ்காபரோவின் மில்லிக்கனில், ஸ்டீல்ஸ் வீதியை ஒட்டிய ஒரு பிளாசாவின் பின்பக்க அறையில் நேசன் அண்ணை தமிழ்ப் பட வீடியோ விநியோகம் செய்துகொண்டிருந்தார். முன்னால் பல் வைத்தியர், பக்கத்தில் சலூன், பின்னால் நாங்கள். அண்ணை அதற்கு முன் எட்டு வருடம் டோனட் கடையில் மாக் குழைத்தவர். நேர்முகத்தில் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி.

“தங்கச்சி, நாப்பது மெசினிலயும் ஒரே நேரத்தில றெக்கோட் அமத்த எத்தினை கை வேணும்?”

“ஒரு கை போதும் அண்ணை. எல்லாம் ஒரே கம்பனி மெசின்தானே. ஒரே சுவரில அடுக்கினால் ஒரு றிமோட் காணும்.”

அதுவரை அவர் மனைவி, மச்சான், மச்சாளெல்லாம் வரிசையாக நின்று, “ஒண்டு, ரெண்டு, மூண்டு” என்று எண்ணி அமத்திக்கொண்டிருந்தார்கள். வேலை கிடைத்தது. மச்சாள் இன்றுவரை என்னை வாழ்த்துகிறார்.

தொழில் இதுதான். சென்னையில் ஒரு படத்தின் கனடா வீடியோ உரிமையை அண்ணை வாங்குவார். மூலக் கசெட் விமானத்தில் வரும். அது இந்தியத் தொலைக்காட்சி முறையில் பதிவானது. அந்த முறைக்குப் ‘பால்’ என்று பெயர். இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் போட்டால் கதாநாயகி கறுப்பு வெள்ளைக் கோடுகளாக ஆடுவார். ஆகவே ஒரு கருவியால் அதை இங்கத்தைய முறைக்கு மாற்றி, பிரதி எடுத்து, இருபத்திநாலு வாடகைக் கடைகளுக்குக் கொடுப்போம். “பால் வந்திட்டுதோ?” என்று அண்ணை தொலைபேசியில் தினமும் கேட்டதால், எங்களுக்கு மாடு இருக்கிறது என்று பல் வைத்தியர் நீண்ட காலம் நம்பியிருந்தார்.

எத்தனை பிரதி எடுப்பது என்பதை முடிவுசெய்யும் முறையைக் கட்டாயம் பதிவுசெய்ய வேண்டும். மூலக் கசெட் வந்த மத்தியானம் அண்ணை நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு கோப்பை பிளேன்ரீயுடன் முழுப் படத்தையும் பார்ப்பார். பாட்டுக்கு எழுந்து போவார். சண்டைக்குத் தொலைபேசியில் கதைப்பார். தாய் அழுதால் மட்டும் கையை உயர்த்துவார், நான் கோடு போட வேண்டும். கதாநாயகி அழுவது கணக்கில் இல்லை. கதாநாயகன் அழுதால் ஒரு கோட்டை அழித்துவிடுவார்.

“எத்தினை தங்கச்சி?”

“ஆறு அண்ணை.”

“ஆறு அழுகை. கடைக்குப் பன்ரண்டு போடும்.”

ஓர் அழுகைக்கு இரண்டு கசெட். நான் படித்த எந்தப் பாடத்திலும் இதற்கு ஆதாரம் இல்லை. ஆனால் மூன்று வருடத்தில் ஒரு முறைகூட அந்தக் கணக்குத் தவறவில்லை. அந்த மூன்று வருடமும் எங்கள் வளர்ச்சிக் காலம். மூன்று கடையுடன் தொடங்கியவர் இருபத்திநாலுக்கு வந்தார். மெசின் வாங்கினார், வான் வண்டி வாங்கினார், கழுத்துப்பட்டி ஒன்றும் வாங்கினார். அதைக் கட்டத் தெரியாமல் வானின் கண்ணாடியில் தொங்கவிட்டார்.

நானும் பங்களித்தேன். பட்டியல் போடாத இடமே அங்கு இல்லை. கசெட் சோதனைக்கு ஒன்று: தொடக்கம், இடைவேளை, முடிவு என மூன்று இடங்களில் படமும் ஒலியும் பார்க்க வேண்டும். அண்ணை மறக்கும் பொருட்களுக்கு ஒன்று: திறப்பு, கண்ணாடி, மனைவி. நான் பெருமைப்பட்டது விநியோகப் பட்டியலில்தான். அண்ணை வானை எடுத்துக்கொண்டு மனம்போன போக்கில் ஓடுவார். முதலில் தெற்கே வோபர்ன், பிறகு திரும்ப வடக்கே, பிறகு மறுபடி தெற்கே. நான் வரைபடத்தை விரித்து ஒழுங்குபடுத்தினேன். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு மில்லிக்கனில் தொடங்கி, சனிக்கிழமை மத்தியானம் வோபர்னில் முடிய வேண்டும். நாற்பது நிமிடம் மிச்சம். அண்ணை பட்டியலைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

“வோபர்ன் கடைசியோ? நல்லது தங்கச்சி. மிச்சம் நல்லது.”

ஏன் அவ்வளவு மகிழ்ச்சி என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

சரிவு அதன் பிறகுதான் தொடங்கியது. அடுத்தடுத்து மூன்று படங்களுக்குக் கடைக்காரர்கள் எங்களிடம் எடுக்கும் கசெட் பெட்டியைப் பாதியாகக் குறைத்தார்கள். யாரோ கள்ளப் பிரதி அடிக்கிறார்கள். அது சனிக்கிழமை காலையே சில கடைகளுக்கு வந்துவிடுகிறது. இதற்கிடையில் அண்ணை அந்த வருடத் தீபாவளிப் படத்தின் உரிமையை வாங்கிவிட்டார். பெரிய படம். கையில் இருந்த எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டார்.

“உது பிழைச்சுதெண்டால் திரும்ப மாக் குழைக்கத்தான் போகவேணும் தங்கச்சி” என்றார். சொல்லும்போது கைகள் தாமாகவே மேசையில் குழைத்தன. “தீபாவளிக்கு முதல் ஆளைப் பிடிக்கவேணும்.”

அப்போதுதான் என் புகழ்பெற்ற யோசனை பிறந்தது. எங்கள் கசெட்டின் தொடக்கத்தில் ஓர் எச்சரிக்கை வரும். வாசகம் நான் எழுதியது. ‘எச்சரிக்கை! இக்கசெட்டை பிரதி செய்வது சட்டப்படி குற்றமாகும். மீறுவோர் தண்டிக்கப்படுவர். கனடா விநியோக உரிமை எங்களுக்கு மட்டுமே.’ இதில் கடைக்கு ஒரு பிழை வைத்தேன். ஒரு கடைக்குக் ‘குற்ரமாகும்’. இன்னொன்றுக்குத் ‘தன்டிக்கப்படுவர்’. மற்றொன்றுக்கு ‘உறிமை’. இப்படி இருபத்திநாலு. ஒவ்வொரு கசெட்டின் தொடக்கத்திலும் முப்பது விநாடி இடம் விட்டு, அந்தக் கடைக்குரிய பிழையைத் தனியாகப் பதிந்தேன். பட்டியலைப் பூட்டி வைத்தேன். கள்ளப் பிரதி ஒன்று கையில் கிடைத்தால் போதும், எந்தக் கடையிலிருந்து போனது என்று தெரிந்துவிடும்.

பத்து நாளில் கிடைத்தது. மில்லிக்கனில் கடை வைத்திருந்த பவளம் அன்ரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

“பிள்ளை, ஒருக்கா வாரும். ஆரோ கடை மாறி என்ர கடையில கசெட் ஒண்டு திருப்பிக் குடுத்திட்டுப் போட்டினம். உங்கட மாதிரி இருக்கு, ஆனா உங்கட இல்லை.”

“எப்பிடித் தெரியும் அன்ரி?”

“படம் பனிமூட்டத்துக்குள்ள நடக்குது. எழுத்து மட்டும் கண்ணாடி மாதிரி.”

நானும் அண்ணையும் அதை எங்கள் அறையில் போட்டுப் பார்த்தோம். அன்ரி சொன்னது சரி. பிரதியிலிருந்து பிரதி எடுத்ததால் படம் மங்கல். எச்சரிக்கையின் எழுத்து மட்டும் துலக்கம். அப்படியானால் அதை யாரோ புதிதாக எழுதிப் பதிந்திருக்கிறார்கள். நான் பட்டியலை எடுத்துக்கொண்டு பிழையைத் தேடினேன். குற்றம் சரி. தண்டிக்கப்படுவர் சரி. உரிமை சரி. இருபத்திநாலு இடத்தையும் பார்த்தேன். ஒரு பிழையும் இல்லை.

திருட்டுக் கசெட்டில் இருந்த திருட்டு எச்சரிக்கை, எங்களுடையதைவிடத் திருத்தமாக இருந்தது.

“பிழையைத் திருத்தியிருக்கினம் அண்ணை” என்றேன்.

அண்ணை திரைக்கு அருகே போய் முதல் வரியில் விரலை வைத்தார். “இதென்ன தங்கச்சி, புதுசா ஒரு ‘ப்’?”

‘இக்கசெட்டைப் பிரதி செய்வது’ என்று இருந்தது. என்னுடையதில் அந்த ‘ப்’ கிடையாது. அது பட்டியலிலும் இல்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு யாழ்ப்பாணத்தைவிட்டு வந்தவள். இருபத்திநாலு பிழையைத் திட்டமிட்டு வைத்தேன். இருபத்தைந்தாவதைத் தெரியாமலே வைத்திருக்கிறேன்.

அண்ணை வலது கையை மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். “இரண்டாம் வேற்றுமை விரியில வல்லினம் மிகும்” என்று ஒரே மூச்சில் சொன்னார். “இந்த ஸ்காபரோவில இந்த ‘ப்’பை வைக்கிற ஆள் ஒருத்தர்தான். என்னைப் படிப்பிச்சவர். இதே ‘ப்’புக்கு எனக்கு நாலு அடி.”

வோபர்ன் கடைக்காரர் கதிரவேலு மாஸ்டர், ஊரில் அண்ணையின் தமிழ் ஆசிரியர். பட்டியலில் வோபர்ன் கடைசிக்குப் போனபோது அண்ணை மகிழ்ந்தது இதனால்தான். வாரத்தின் முதல் வேலையாக அவர் முகத்தில் முழிக்க வேண்டியதில்லை.

மறுநாளே போனோம். மாஸ்டரின் கடையில் கசெட்டுகள் அகர வரிசையில் இருந்தன. தட்டுகளுக்குக் ‘குடும்பம்’, ‘நகைச்சுவை’, ‘பக்தி’ என்று பெயர் எழுதியிருந்தது. கடைசித் தட்டில் ‘சண்டை: தவிர்ப்பது நன்று’. அண்ணை வாசலில் தொப்பியைக் கழற்றினார். வானில் வரும்போது முழுக்கக் கோபமாக ஒத்திகை பார்த்தவர், உள்ளே போனதும் கையைக் கட்டிக்கொண்டார்.

“வா நேசன். உன்னைக் காணக் கிடைக்கிறேல்லை. பெட்டியைக் கதவடியில வைச்சிட்டு ஓடுறாய்.”

“ஓம் சேர்.”

நான் கசெட்டை மேசையில் வைத்தேன். “இது நீங்கள் அடிச்சதோ சேர்?”

“ஓம்.”

மறுப்பார் என்று எதிர்பார்த்து அதற்கு ஆறு கேள்வி தயாரித்திருந்தேன். ஆறும் வீணாகின.

“ஏன் சேர்?”

“வெள்ளிக்கிழமை பின்னேரம் சனம் வந்து புதுப்படம் கேக்குது. எனக்குச் சனிக்கிழமை மத்தியானம் வருது. சாப்பிட்டுக் கை கழுவின பிறகு கறி கொண்டுவந்து வைக்கிற மாதிரி. முந்தி நேசன் எனக்குத்தான் முதல் தாறவன். எந்த விசரன் மாத்தினானோ தெரியேல்லை.”

அண்ணை என்னைப் பார்க்காமல் இருக்கக் கடுமையாக முயன்றார்.

மாஸ்டர் எதையும் ஒளிக்கவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம் பவளம் அன்ரியின் கடையில் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டில் இரண்டு மெசின் வைத்து அடித்திருக்கிறார். தன் கடைக்கு மட்டும்தான் தொடங்கினார். பழைய மாணவர்களான நாலைந்து கடைக்காரர்கள், “சேர், எங்களுக்கும்” என்று கேட்க, அவர்களுக்கும் கொடுத்திருக்கிறார். அதாவது, என் பொறி நான் நினைத்தபடி வேலை செய்திருந்தால், ஒரு குற்றமும் செய்யாத பவளம் அன்ரிதான் அகப்பட்டிருப்பார்.

“அதுக்கு ஏன் சேர் எச்சரிக்கையையும் போட்டனீங்கள்?” என்று கேட்டேன்.

“எச்சரிக்கை இல்லாமல் கசெட் குடுக்கிறது முறையோ?” என்றார், உண்மையாகவே திகைத்து. “ஆனா அந்தத் தமிழோட குடுக்கேலாது. பிள்ளையள் வாசிக்குதுகள். ஆர் அதை எழுதினது?”

“நான்தான் சேர். அந்தப் பிழை வேணுமெண்டு விட்டது.”

மாஸ்டர் நிமிர்ந்தார். “வேணுமெண்டோ?”

நான் பட்டியலை நீட்டினேன். கொஞ்சம் பெருமையுடன் நீட்டினேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சிவப்புப் பேனையை எடுத்தார். “குற்ரம்... உறிமை... எச்சறிக்கை...” பத்தாவதில் கண்ணாடியைக் கழற்றினார்.

“நேசன், இதுக்கு உன்ர கொம்பனி சம்பளமும் குடுக்குதோ?”

“ஓம் சேர்.”

“நான் பிரதி அடிச்சது பிழை. ஒத்துக்கொள்ளுறன். ஆனா நீங்கள், அறிஞ்சு கொண்டு, இருபத்திநாலு விதமாத் தமிழைக் கொலை செய்து வீடு வீடா அனுப்பியிருக்கிறியள்.”

“மன்னிக்கவேணும் சேர்” என்றார் அண்ணை.

“மன்னிக்கவேணும் சேர்” என்றேன் நானும். களவு கொடுத்தவர்கள் இருவரும் களவெடுத்தவரிடம் மன்னிப்புக் கேட்டு முடித்தோம்.

மாஸ்டர் பட்டியலை மறுபடி மேலிருந்து கீழாகப் பார்த்தார். “அந்த ‘ப்’ எந்தக் கடைக்கு விட்டது? காணேல்லை.”

“அது... அது பட்டியலில இல்லை சேர்.”

“சரி” என்றார். திட்டியிருந்தால் இவ்வளவு நாள் நினைவில் இருந்திராது.

உடன்படிக்கை அங்கேயே எழுதப்பட்டது. ஒன்று: மாஸ்டர் இனிப் பிரதி அடிக்கமாட்டார், மாணவர்களையும் அடிக்கவோ எடுக்கவோ விடமாட்டார். இரண்டு: முதல் பெட்டி வோபர்னுக்கு. மூன்று: கசெட்டிலும் உறையிலும் வரும் எல்லாத் தமிழும் அவர் பார்த்த பிறகே வெளியே போகும். அண்ணை கையெழுத்திடும்போது உற்சாகமாக இருந்தார். கள்ளன் அகப்பட்டுவிட்டான், தீபாவளிப் படம் தப்பிவிட்டது, அடியும் விழவில்லை.

தீபாவளிப் படத்தில் தாய் பதினொரு முறை அழுதார். இடைவேளைக்கு முன்பே ஐந்து. ஏழாவதில் அண்ணை கையை உயர்த்த மறந்து மூக்கைத் துடைத்தார். கடைக்கு இருபத்திரண்டு. புதன்கிழமையே எல்லாப் பிரதியும் தயார். உறை மட்டும்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை வெளியீடு.

உறையின் மாதிரியை மாஸ்டரிடம் கொண்டுபோனேன். பதினேழு சிவப்புக் கோடுகளுடன் திரும்பி வந்தது. திருத்திக் கொண்டுபோனேன். மூன்று கோடுகள். திருத்தினேன். வியாழன் மத்தியானம் ஒரே ஒரு கோடு மிச்சமாக இருந்தது. அது படத்தின் தலைப்பில் இருந்தது.

“ரெண்டு சொல்லுக்கும் நடுவில ‘க்’ வரவேணும்” என்றார் மாஸ்டர்.

“சேர், அது படத்தின்ர பேர். அவை வைச்சபடிதான் போடலாம்.”

“பேரெண்டால் பிழையா இருக்கலாமோ? உம்மட பேரைப் பிழையா எழுதட்டோ?”

அண்ணை சென்னைக்குத் தொலைபேசி எடுத்தார். தயாரிப்பாளர் அலுவலகத்தில் ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார். “சார், அது நியூமராலஜி பாத்து வச்ச டைட்டில். ஒரு எழுத்து சேந்தாக்கூட கூட்டுத்தொகை எட்டு வந்துடும். படம் படுத்துரும் சார்.”

அண்ணை அதை மாஸ்டரிடம் சொன்னார். எண்சாத்திரம் இலக்கணத்தை மாற்றாது என்றார் மாஸ்டர். அண்ணை மறுபடி சென்னைக்கு எடுத்தார். அங்கே நடுச்சாமம், யாரும் எடுக்கவில்லை.

“மாஸ்டர் பாத்துக்கொண்டிருக்கட்டும், நாங்கள் இப்பவே அனுப்புவம் அண்ணை” என்றேன்.

“கையெழுத்து வைச்சனான் தங்கச்சி.”

“அவர் கள்ளக் கசெட் அடிச்சவர்!”

“ஓம்” என்றார் அண்ணை. “ஆனா அவர் சேர்.”

கடைசியில் தீர்வை நான்தான் சொன்னேன். உறையின் கீழே சின்ன எழுத்தில், ‘தலைப்பு தயாரிப்பாளர் எழுதியவாறே தரப்படுகிறது’ என்று ஒரு வரி. மாஸ்டர் அதை இரண்டு முறை வாசித்துத் தலையாட்டினார். உறைகள் அச்சாகி வந்தபோது சனிக்கிழமை பின்னேரம் ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை, மிகத் திருத்தமான தமிழில், இரண்டு நாள் பிந்திப் புறப்பட்டோம்.

சனிக்கிழமை காலையே மொன்றியலிலிருந்து ஒரு வான் வந்து போயிருந்தது. யாரோ தியேட்டரில் கமராவால் பிடித்த பிரதி. படத்தின் கீழ்ப்பாதியில் முன்வரிசைக்காரர் ஒருவரின் தலை. உறை இல்லை, தலைப்பு இல்லை, எச்சரிக்கை இல்லை. திருத்துவதற்கு அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. ஸ்காபரோ முழுவதும் அந்தத் தலையுடனே படத்தைப் பார்த்து முடித்துவிட்டது.

புதன்கிழமை, வாடகைக்குப் போகாத பெட்டிகளைத் திரும்ப எடுக்கப் போனோம். பெரும்பாலானவை திறக்கப்படவேயில்லை. பவளம் அன்ரி எங்களுக்குத் தேத்தண்ணி தந்தார். அண்ணை வழியில் டோனட் கடை முதலாளியுடன் ஏற்கெனவே கதைத்துவிட்டதாகச் சொன்னார்.

வோபர்னில் மாஸ்டரின் கடையில் ஒருவரும் இல்லை. ‘குடும்பம்’ தட்டில் எங்கள் கசெட் இருபத்திரண்டும் வரிசையாக நின்றன.

“ஒண்டுகூடப் போகேல்லையோ சேர்?” என்றேன்.

“எல்லாரும் மொன்றியல் கசெட் கேட்டவை. என்னட்டை இல்லையெண்டன். வேற கடைக்குப் போட்டினம்.”

“நீங்களும் எடுத்து வைச்சிருக்கலாமே சேர். மற்றவை எல்லாரும் வைச்சவை.”

“நானும் கையெழுத்து வைச்சனான் பிள்ளை.”

நான் பெட்டியை விரித்துக் கசெட்டுகளை அடுக்கத் தொடங்கினேன். அண்ணை ஒன்றைக் கையில் எடுத்தார். உறையை முன்னும் பின்னும் பார்த்தார். பிறகு அதைப் பெட்டிக்குள் போடாமல் மேசையில் வைத்தார்.

“இதை வாடகைக்கு எடுக்கிறன் சேர்.”

மாஸ்டர் பதிவுக் கொப்பியை விரித்தார். “அங்கத்துவ அட்டை?”

“இல்லை சேர்.”

“அப்ப புதுசாப் பதியவேணும். ரெண்டு அடையாளம்.”

அண்ணை சாரதி அனுமதிப் பத்திரத்தையும் தொலைபேசிப் பற்றுச்சீட்டையும் எடுத்து வைத்தார். மாஸ்டர் பெயரை எழுதினார், முகவரியை எழுதினார். மணி மணியான எழுத்து.

“தொழில்?”

“திங்கக்கிழமையில இருந்து டோனட் கடை சேர்.”

“இண்டைக்கு?”

“இண்டைக்கு... வீடியோ விநியோகம்.”

மாஸ்டர் ‘வீடியோ விநியோகஸ்தர்’ என்று எழுதி, மை காயும்வரை கொப்பியை மூடாமல் வைத்திருந்தார். பிறகு கசெட்டைத் தள்ளினார்.

“வெள்ளிக்கிழமை தரவேணும் நேசன். பிந்தினால் நாளுக்கு ஒரு டொலர்.”

அண்ணை அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்த வாரத்தில் முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது. அதை அடக்கிக்கொண்டார்.

“பிந்தமாட்டன் சேர்” என்றார்.